திருப்புளியைக் கையில் கொடுத்த பாவத்துக்கு

பழைய கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பது சுலபம்; அதைப் பழுது பார்க்க ஆசையாக வருகிறவர்களை வேலைக்குப் பழக்குவதுதான் எங்கள் தொழிலில் பெரும்பாடு.

புது மருமகளுக்கு வீட்டு மிக்ஸியின் குணத்தை விளக்கியவர்கள், புதிதாகச் சேர்ந்த கிளார்க்குக்கு எந்த பைல் எந்த பீரோவில் என்று காட்டியவர்கள், அப்பாவுக்கு வாட்ஸ்அப் சொல்லிக்கொடுக்கப் போய்ப் பேச்சுவார்த்தையே நின்றுபோனவர்கள், நீங்கள் எல்லோரும் என் இனம். கிட்டே வந்து உட்காருங்கள். என் வயிற்றெரிச்சலைக் கொட்ட வேறு ஆள் இல்லை.

நான் எஸ்தர். பன்னிரண்டு வருஷம் தேனியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஊரில் ஆளுக்கொரு போன் வந்ததும் என் கடைக்கு மழைக்கு ஒதுங்குகிறவர்கள் மட்டும்தான் வந்தார்கள். கடையை மூடிவிட்டு வீட்டில் இருந்தால் எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒத்துவராது என்பதால், அல்லிநகரத்தில் ஒரு சேவை அமைப்பில் சேர்ந்தேன். முன்பு திராட்சைப் பெட்டி அடுக்கிய குடோன்தான் எங்கள் இடம். மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்களை வீடு வீடாக, கடை கடையாக வாங்கி வந்து, கழற்றி, மூன்று ஓட்டைப் பெட்டியிலிருந்து ஒரு நல்லது தேற்றிப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுப்போம். தன்னார்வலர்களுக்குச் சம்பளம் கிடையாது. டீ உண்டு. அவர்களுக்கு அறிமுக வகுப்பு எடுப்பது என் பொறுப்பு.

அந்த மே மாதம் என் கழுத்தில் ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. தேவாரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் பத்துக் கம்ப்யூட்டர் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை கொண்டுபோய் வைக்க வேண்டும். தலைமையாசிரியை ராஜாத்தி அரிசி மூட்டை கிடந்த அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, கதவில் "கணினி அறை" என்று பெயிண்டில் எழுதியும் வைத்துவிட்டார். கதவில் எழுதிய பிறகு உள்ளே ஒன்றும் இல்லையென்றால் நான் யார் முகத்தில் முழிப்பது? என்னிடம் இருந்ததோ இரண்டே கை. அவசரமாக ஆள் பிடித்தேன்.

ஏழு பேரில் மூன்று

வகுப்புக்கு ஏழு பேர் வந்தார்கள். ஒருவர், ஒரு வாரம் வந்தால் எட்டு மாதம் வேலை பார்த்ததாகச் சர்டிபிகேட் கிடைக்குமா என்று கேட்டார். இன்னொருவர் பையிலிருந்து டி.வி. ரிமோட்டை எடுத்து, "சத்தம் கூட்டுற பட்டன் மட்டும் வேலை செய்யல" என்றார். இன்னும் இருவர் இலவச லேப்டாப் தருகிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி வந்தவர்கள். டீயும் வடையும் முடிந்ததும் நாலு பேரும் மாயமாகிவிட்டார்கள்.

மிச்சம் மூன்று பேர். முதலாவது நடராசன் அண்ணாச்சி, போடியில் ஏலக்காய் வியாபாரி. கடையை மகனிடம் ஒப்படைத்தவர். ஒப்படைத்த பிறகும் தினமும் போய் மகன் தோளுக்குப் பின்னால் நின்றதால், மகனும் மருமகளும் சேர்ந்து அவரை எங்களிடம் ஒப்படைத்தார்கள். இரண்டாவது தினகரன் சார், ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் கையில் நீள ரெஜிஸ்டர் ஒன்று இருக்கும். மூன்றாவது பேச்சியம்மாள் அக்கா, காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம். மகன் தானம் கொடுத்த கம்ப்யூட்டரை டவுன் பஸ்ஸில் கம்பம் வந்து, அங்கே பஸ் மாறி, தேனி வரை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தவர். "இத என்னதான் செய்யுதாகன்னு பாத்துட்டுப் போவமே" என்று உட்கார்ந்தார்.

நான் சார்ட் ஒட்டி, நாற்பது நிமிஷம் பேசினேன். பூமியின் நிலைமை, நிலத்தடி நீர், ஈயம், பாதரசம் ஒன்றையும் விடவில்லை. என் குரல் எனக்கே பிடித்திருந்தது. முடித்துவிட்டு, "சந்தேகம் ஏதாவது?" என்றேன். பேச்சியம்மாள் கை தூக்கினார்.

"எல்லாஞ் சரித்தா ஆத்தா. கழட்டத்தான வந்திருக்கோம், திருப்புளி எங்கன இருக்கு?"

ஒரு வார்த்தை கேட்டு அழித்தது

எங்கள் வேலையில் முதல் விதி, பழைய ஹார்டு டிஸ்க்கில் இருப்பதை யாரும் பார்க்காமல் அழித்துவிடுவது. கொடுத்தவர்களிடம் முன்பே கையெழுத்து வாங்கிவிடுவோம். பட்டனைத் தட்டினால் போதும். பேச்சியம்மாள் விரலைப் பட்டன் மேல் வைத்தார். வைத்த விரலை எடுத்தார். "அடுத்தவுக வீட்டுச் சாமான அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்க வேணாமா? நாளப்பின்ன அவுக முகத்துல முழிக்கணுமில்ல" என்றார். கையெழுத்தைக் காட்டினேன். "கையெழுத்து வாங்குறது வேற, சொல்லிட்டுச் செய்யுறது வேற" என்று சொல்லிவிட்டார். தினகரன் சார் அகமகிழ்ந்து ரெஜிஸ்டரைப் பிரித்துப் போன் நம்பர்களை வாசிக்க ஆரம்பித்தார்.

முதலில் அகப்பட்டவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர். பேச்சியம்மாள் போனை ஸ்பீக்கரில் போட்டு, துக்க வீட்டுக்குத் தகவல் சொல்லும் குரலில், "அய்யா, வீட்டுல எல்லாரும் சொகமா இருக்காகளா? மனசத் தேத்திக்கிருங்க. உங்க பெட்டில இருக்கிறத எல்லாம் அழிக்கப் போறோம்" என்றார். அந்த மனிதர் பதறி, "உள்ள என்னங்க இருக்கு?" என்றார். நான் ஓடிவந்து தடுப்பதற்குள் தினகரன் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணீரென்று படித்துவிட்டார்: "நான் பாடியது ஒன்று. நான் பாடியது இரண்டு. நான் பாடியது மூன்று. இப்படி அறுபத்திரண்டு வரைக்கும் இருக்கு சார்."

பிறகு அவர் சொன்னார்: "அழிங்க தாயி, அழிங்க. எங்க வீட்டம்மா பக்கத்துலதான் நிக்கிறாக. இன்னுங் கொஞ்சம் வேகமா அழிக்கச் சொல்லுறாக."

காப்புக் கட்டு

நம் உடம்பில் இருக்கும் துளி மின்சாரம்கூட மெமரி கார்டு மாதிரியான நுணுக்கமான பாகங்களைக் கெடுத்துவிடும். அதனால் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதன் சுருள் ஒயரை மேசையில் இருக்கும் எர்த் கம்பியில் மாட்டிக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் அதைப் பேச்சியம்மாள் கையில் நானே கட்டிவிட்டு, "இது கட்டியிருக்கிற வரைக்கும் கவனமா இருக்கணும்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் பட்ட பாடு!

அன்று புதியவர்களுக்கு என் செலவில் சிக்கன் பிரியாணி. பொட்டலத்தைப் பிரித்ததும் பேச்சியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்கள் கவுச்சி தொடமாட்டார்கள், ஊர் எல்லை தாண்டமாட்டார்கள் அல்லவா? கையில் எதைக் கட்டினாலும் கட்டுப்பாடு ஒன்றுதான் என்பது அவர் கட்சி. "நீங்க சாப்பிடுங்க, நான் மோர் குடிச்சுக்கிறேன்" என்றார். ஒரு பெண்பிள்ளை விரதமாக இருக்கும்போது நாம் எப்படி என்று அண்ணாச்சியும் பொட்டலத்தை மூடினார். தினகரன் சார் பெரும்பான்மையோடு போனார். நாலு பொட்டலத்தையும் நான் ஒருத்தியாகச் சாப்பிடும் நிலைமை. இரண்டு முடிந்தது. மீதியைக் கட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், கண் அசந்துவிட்டேன்.

நாலு மணிக்குத் திரும்பி வந்தால் பேச்சியம்மாள் ஒயரோடு மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ஒயர் எட்டும் தூரத்துக்குக் குடோனைக் கூட்டியும் வைத்திருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அக்கா, அவுத்துட்டு எந்திரிக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"கட்டுனவுகதான ஆத்தா அவுக்கணும்? ரெண்டு மணி நேரமா அடக்கிக்கிட்டு இருக்கேன், வெரசா அவுத்து விடுங்க."

திருப்புளிக்கு ஒரு விண்ணப்பம்

திருப்புளிகள் அடிக்கடி காணாமல் போகின்றன என்று நான் ஒருநாள் புலம்பியது தப்பு. மறுநாள் எல்லாத் திருப்புளியும் தினகரன் சாரின் மேசை டிராயருக்குள் போய்விட்டன. வேண்டுகிறவர்கள் காரணத்தைத் தாளில் எழுதிக் கொடுத்துப் பெற்றுக்கொள்ள வேண்டும். நானும் எழுதிக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் போய்க் கேட்டால் என் தாள் நிலுவையில் இருக்கிறது என்றார். எதற்கு நிலுவை என்று சண்டைக்குப் போனேன்.

"'திருகுவதற்கு'ன்னு மொட்டையா எழுதியிருக்கீக மேடம். கழட்டத் திருகுறதா, மாட்டத் திருகுறதான்னு ஒரு விவரமும் இல்லையே."

கலப்புச் சரக்கு

எப்படியோ ஆளுக்கொரு கை கொடுத்து, இரண்டு வாரத்தில் பத்துக் கம்ப்யூட்டர் தயாராகிவிட்டது. பெட்டி பெட்டியாகச் சுவரோரம் அடுக்கி, மேலே "தேவாரம்" என்று சீட்டு ஒட்டினேன். வியாழக்கிழமை. இன்னும் இரண்டே நாள். கம்பத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டியிருந்தது. காலையில் மூன்று பேரிடமும், "சும்மா இருக்காமல் எதையாவது கழற்றிப் பழகுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனேன். எந்த எதையாவது என்று சொல்லவில்லை.

மூன்று மணிக்குத் திரும்பினேன். சுவரோரம் வெறும் சுவர் இருந்தது. தரையில் தார்ப்பாய் விரித்து, அதன் மேல் குவியல் குவியலாகப் பாகங்கள். அண்ணாச்சி நடுவில் சம்மணம் போட்டு, போடியிலிருந்து கொண்டுவந்த ஏலக்காய்ச் சல்லடையில் ஸ்க்ரூக்களைச் சலித்துக்கொண்டிருக்கிறார். தலை பெருத்த ஸ்க்ரூ மேலே நிற்கிறது, தலை சிறுத்தது கீழே விழுகிறது. மெமரி கார்டுகளை மூன்று தரமாகப் பிரித்து வாழை இலைத் துண்டுகளில் வைத்திருக்கிறார். பக்கத்தில் தினகரன் சார், "மின்விசிறி பத்து, மெமரி இருபது" என்று ரெஜிஸ்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். எது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று மட்டும் எழுதவில்லை. மொத்தம் சரியாக இருந்தால் அவருக்குப் போதும்.

"அண்ணாச்சி, இது அந்தப் பத்துமா?" என்றேன். "அந்தப் பத்தேதான்" என்றார் பெருமையாக. நடந்தது இதுதான். வெளியே போகிற சரக்கில் மாதிரி எடுத்துப் பார்க்காமல் அவர் ஜென்மத்தில் அனுப்பியது கிடையாதாம். மாதிரிக்கு ஒரு பெட்டியைத் திறந்திருக்கிறார். உள்ளே மெமரி கார்டு ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. இரண்டாவதைத் திறந்தால் இரண்டும் சிறிசு. மூன்றாவதில் இரண்டும் பெரிசு. வியாபாரியின் ரத்தம் கொதித்துவிட்டது.

"கலப்புச் சரக்கு டீச்சரம்மா! ஒரு புள்ளைக்கு மொதத் தரம், பக்கத்துப் புள்ளைக்கு மூணாந்தரமா? நம்ம பேரு என்னத்துக்கு ஆகும்?"

மாடியில் காய்ந்தது

பேச்சியம்மாளைக் காணோம். மாடியில் இருக்கிறார் என்றார்கள். ஏறிப் போனேன். பெட்டிகளின் வெறும் கூடுகளெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்தப்பட்டிருந்தன. அதுகூடப் பரவாயில்லை. அவற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய வேட்டி விரித்திருந்தது. அதன் மேல், வடகம் காயப்போட்ட மாதிரி, கறுப்பாகச் சின்னச் சின்னதாக ஏதோ பரப்பியிருந்தது. குனிந்து பார்த்தேன். கீபோர்டு எழுத்துகள். பத்துக் கீபோர்டின் எழுத்துக் கட்டைகளையும் ஒன்று விடாமல் பிடுங்கி, வாளியில் ஊறவைத்து, அலசிக் காயப்போட்டிருக்கிறார். ஆயிரத்துச் சொச்சம் இருக்கும். பக்கத்தில் குச்சியோடு காவல் வேறு.

"இடுக்குல அம்புட்டு அழுக்கு ஆத்தா. பிஸ்கட்டுத் தூளு, முடி, ஒரு பல்லிக் குஞ்சு. புள்ளைக கை வைக்குமேன்னுதான்" என்றார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ண மட்டும் காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு. போகட்டும் விடுங்க, ஆயிரத்துல ஒண்ணுதான?"

வராதீர்கள் என்றேன்

கத்தினேன். குடோன் தகரம் அதிரக் கத்தினேன். யார் உங்களைக் கூப்பிட்டது, கை வைத்தால் விளங்குமா, இனிமேல் இந்தப் பக்கம் ஒருத்தரும் வராதீர்கள் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அண்ணாச்சி சல்லடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். தினகரன் சார் பேனாவை மூடினார். பேச்சியம்மாள் காய்ந்தும் காயாததுமாக இருந்த எழுத்துகளை வேட்டியோடு மூட்டை கட்டி என் மேசையில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்போதே மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் கூப்பிடவில்லை. அப்படி ஒரு வீம்பு.

தேவாரத்துக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ராஜாத்தி டீச்சர் என்னைப் பேசவே விடவில்லை. பந்தல்காரரிடம் பத்து நாற்காலி வாங்கிப் போட்டாயிற்றாம். மலை மேல் எஸ்டேட் வேலைக்கு ஜீப்பில் போகிற தாய் தகப்பன்மார்கள் சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டார்களாம். "அப்புறம் மேடம், என்ன விஷயமாக் கூப்பிட்டீக?" என்று கேட்டார். "ஒன்றும் இல்லை, சும்மாதான்" என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் குடோனுக்குப் போனேன். ஒற்றை ஆளாக எத்தனை பூட்ட முடியுமோ அத்தனை, இரண்டோ மூன்றோ, கொண்டுபோய்க் காலில் விழுந்துவிடலாம் என்பது திட்டம். வாசலில் மூன்று பேரும் நிற்கிறார்கள். ஆளுக்கொரு தூக்குவாளி. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அதை மறைக்க, "வர வேண்டாம் என்றுதானே சொன்னேன்?" என்று அதட்டினேன்.

அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார்: "அது நேத்து வந்தவுகளுக்குச் சொன்னது டீச்சரம்மா. நாங்க இன்னைக்கு வந்தவுக."

கூடினால் எழுத இடமில்லை

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி பிரித்து வைத்திருந்தது நானே பிரித்திருக்க வேண்டிய முறை. ஒரே அளவு மெமரி ஒரு குவியல், ஒரே அளவு ஸ்க்ரூ ஒரு குவியல். எதையும் தேட வேண்டியதில்லை, கையை நீட்டினால் வந்தது. மின்விசிறிகளை ஒவ்வொன்றாகச் சுற்றவிட்டுக் காதில் வைத்துக் கேட்டு, "இது முனகுது, கழிவு" என்று இரண்டைத் தள்ளியிருந்தார். சோதித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரு மாதம் தாங்காது. நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப இருந்த மின்விசிறிகள் அவை. முந்தின நாள் கத்தியதற்கு என் கன்னத்தில் நானே போட்டுக்கொண்டேன், மனசுக்குள்தான்.

பேச்சியம்மாளுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. ஓட்டைக் குவியலில் கிடந்த ஒரு கீபோர்டை எதிரில் மாதிரிக்கு வைத்துக்கொண்டு, ஒரே மாதிரியான கட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூறு கட்டினார். பிறகு பத்துக் கீபோர்டையும் வரிசையாகப் போட்டு, நாற்று நடுகிற வேகத்தில் குத்திக்கொண்டே போனார். எழுத்து தெரிந்த நான் ஒன்றை முடிப்பதற்குள் அவர் நாலு முடித்தார். நான் முடித்ததில் இரண்டு தப்பு. அதையும் அவர்தான் கண்டுபிடித்தார். காக்கா கொண்டுபோனதற்கு அந்த மாதிரிக் கீபோர்டிலிருந்தே ஒன்றைப் பிடுங்கி ஈடு கட்டினார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்தது. ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்தோம். ஓடியது. எண்ணினேன். திரும்ப எண்ணினேன். பதினொன்று. கழற்றியது பத்து, பூட்டியது பதினொன்று. பேச்சியம்மாள் கழுவுகிற ஜோரில் ஓட்டைக் குவியலிலிருந்து ஒரு கூட்டையும் சேர்த்துக் கழுவியிருக்கிறார். அண்ணாச்சி தரம் பிரித்ததில் ஓட்டைச் சாமானிலிருந்தும் நல்லதெல்லாம் தேறியிருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் கைதட்டிச் சிரித்தோம். தினகரன் சார் மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"சாமான் குறைஞ்சா எழுத ரெஜிஸ்டர்ல கட்டம் இருக்கு மேடம். கூடுனா எங்கன எழுதுறது? பேசாம ஒண்ணக் கழட்டிருவமா?"

தேவாரத்துப் பொங்கல்

சனிக்கிழமை காலை லோடு ஆட்டோவில் பதினொன்றையும் ஏற்றிக்கொண்டு போனோம். பின்னால் பெட்டிகளுக்கு நடுவே அண்ணாச்சியும் தினகரன் சாரும் நசுங்கி உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளும் பெற்றவர்களும் திரண்டு நின்றார்கள். ராஜாத்தி டீச்சர் எங்களைப் பார்த்தார், ஆட்டோவைப் பார்த்தார், திரும்ப எங்களைப் பார்த்தார். ஏன் இந்த அம்மா இப்படி மாறி மாறிப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

நாற்காலிக்கு ஒன்றாக மேசைகளில் வைத்து, ஒயர்களை மாட்டி, மெயின் சுவிட்சைப் போட்டேன். ஒவ்வொரு திரையாக வெளிச்சம் வந்தது. பத்தாவது மட்டும் கொஞ்சம் யோசித்தது. பேச்சியம்மாள் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், அதுவும் வந்துவிட்டது. ஆசிரியர் மேசையில் பதினொன்றாவது தானாகவே வந்தது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் அடுத்த தெரு நாய்கள் எல்லாம் குரைத்தன. எஸ்டேட்டுக்குப் போகிற ஒரு தகப்பனார், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, மகளின் நாற்காலிக்குப் பின்னால் கை கட்டி நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை, மூக்கைச் சிந்த வெளியே வந்தேன்.

அங்கே மரத்தடியில் பெரிய அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கல், நெய் மிதக்க ஆவி பறந்துகொண்டிருந்தது. "இத்தனை அமர்க்களமாக விழா எடுப்பீர்கள் என்று தெரியாமல் போயிற்றே" என்று ராஜாத்தி டீச்சரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்போடு கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"போன்ல 'ஒண்ணும் இல்ல'ன்னு நீங்க சொன்ன தொனியிலயே பெட்டி வராதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு மேடம். புள்ளைக ஏமாந்து அழுதா வாயில எதையாச்சும் போடணுமேன்னுதான் பொங்கல் வச்சேன். இப்ப ஒரு புள்ளையும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேங்குது, அண்டாவ நீங்க நாலு பேருந்தான் காலி பண்ணிட்டுப் போகணும்."

இப்போதும் மாதம் ஒரு சனிக்கிழமை அல்லிநகரத்தில் அறிமுக வகுப்பு நடக்கிறது. எடுப்பது அந்த மூன்று பேர், கடைசி வரிசையில் வாயை மூடிக்கொண்டு கேட்பது நான்.